தோற்றுப்போன தோட்டாக்கள் சொல்லும் பாடம்



நம் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். நீராவி எஞ்சின், டீசல் எஞ்சின், லேத், மில்லிங் மெஷின் என்று எல்லாமே ஜெயித்தவர்கள் கதை. தோற்றுப்போன டிசைன்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் ஒர்க் ஷாப்பில் நிற்கிறவனைக் கேட்டால் தெரியும். ஒழுங்காக ஓடிய ஜாப் எதையும் சொல்லித் தராது. ரிஜெக்ட் ஆன ஜாப்தான் எங்கே தப்பு என்று காட்டிக் கொடுக்கும். அந்த எண்ணத்தில்தான் இந்த ஆண்டு மலருக்கு இப்படி ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டோம்: துப்பாக்கிச் சுடுதலில் தோற்றுப்போன, விநோதமான தோட்டாக்கள்.

'படிப்புக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். கட்டை விரல் அளவுள்ள அந்தப் பொருளுக்குள் மெட்டலர்ஜி இருக்கிறது, தெர்மோடைனமிக்ஸ் இருக்கிறது, பிரஸ் டூல் இருக்கிறது, மெட்ராலஜி இருக்கிறது, வேதியியலும் இருக்கிறது. இலக்குச் சுடும் போட்டியில் இன்னொரு வசதி: சரியா தப்பா என்பதைக் காகிதத்தில் விழுந்த ஓட்டையே சொல்லிவிடும். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்; வாதாட இடமில்லை.

அந்த ஓட்டை எப்போதும் முழு உண்மையைச் சொல்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

1. தோட்டா என்றால் என்ன?

நம் பக்கத்தில் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி அனுமந்தபுரத்தில் சுடுதளம் இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. நண்பர்கள் இருக்கிறார்கள். ஆகவே தோட்டாவைப் பார்த்தே இராதவர் நம்மில் குறைவு. இருந்தாலும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம்.

அதில் நான்கு பாகங்கள். முதலாவது, பித்தளை உறை. இரண்டாவது, அடியில் உள்ள பிரைமர். ஊசி தட்டினால் தீப்பொறி தருவது. மூன்றாவது, உள்ளே இருக்கும் மருந்து. நான்காவது, வாயில் செருகியிருக்கும் குண்டு.

இந்த நான்கில் நாம் அலட்சியமாக நினைப்பது உறையைத்தான். மருந்து வைக்கிற டப்பாதானே என்போம். மெட்டீரியல்ஸ் பேப்பரில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளைக்குக் 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்' என்று பெயர் படித்தோமே, அது இந்த உறையால் வந்த பெயர்தான். சுட்டவுடன் இந்த உறை விரிந்து துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு ஒரு சொட்டுகூடப் பின்னால் கசியாது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் வந்துவிடுகிறது. வெளியே வரும்போது உள்ளேயிருந்த சூட்டிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வருகிறது. ஆக டப்பா, வால்வு, வெப்பம் கடத்தி என்று ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. ஆறு பக்கக் குண்டு

சர் ஜோசப் விட்வொர்த் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 55 டிகிரி கோணமுள்ள பி.எஸ்.டபிள்யூ. மரை அவர் கொடுத்தது. 1841-ல் அவர் முன்வைத்த அந்த அளவுமுறைதான் உலகத்திலேயே முதலில் ஒரு நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட மரை அளவு. அவர் துப்பாக்கியும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1850-களில் பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்தது என்ஃபீல்டு ரைபிள், குழல் விட்டம்.577 அங்குலம். இதைவிடத் துல்லியமாக வேண்டும் என்று விட்வொர்த்தைக் கேட்டார்கள். அவர் மெஷினிஸ்ட் மூளையோடு யோசித்தார். குழலுக்குள் வரி வெட்டிக் குண்டைச் சுழற்றுவதற்குப் பதிலாக, குழலையே ஆறு பக்கமாக முறுக்கிவிட்டார். குண்டும் ஆறு பக்கம். ஸ்பானரில் நட்டு உட்கார்வது போலக் குண்டு குழலில் உட்காரும். விட்டத்தை .451 அங்குலமாகக் குறைத்தார். என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கினார்.

1857-ல் ஹைத் என்ற இடத்தில் சோதனை நடந்தது. 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி; விட்வொர்த்துக்கு 0.37 அடி. ஆறு மடங்கு வித்தியாசம்! 1860 ஜூலை 2-ஆம் தேதி விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கி வைத்தபோது தேர்ந்தெடுத்ததும் விட்வொர்த் ரைபிளைத்தான். தாங்கியில் பொருத்தி வைத்த துப்பாக்கியின் கயிற்றை ராணி இழுக்க, 400 கஜத்துக்கு அப்பால் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பட்டது.

இவ்வளவு இருந்தும் ராணுவம் அதை வாங்கவில்லை. விலை என்ஃபீல்டைவிடப் பல மடங்கு. அதோடு, அந்தக் காலத்துக் கருமருந்து சுட்டால் கரி அப்பிக்கொள்ளும். சின்னத் துளையில், அளவு கச்சிதமாக உள்ள ஆறுபக்கக் குண்டை, கரி படிந்த பிறகு உள்ளே தள்ளுவது பெரும்பாடு. சுடுதளத்தில் ஆற அமரத் துடைத்துவிட்டு அடுத்த குண்டு போடலாம். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது? துல்லியத்தில் ஜெயித்தது, அழுக்கில் தோற்றது.

3. கொழுப்பில் தோற்ற தோட்டா

விட்வொர்த் ஜெயித்த அதே 1857-ல், அவரிடம் தோற்ற என்ஃபீல்டு இந்தியாவில் வேறு விதமாகத் தோற்றது. இது நமக்கு நெருக்கமான கதை.

என்ஃபீல்டின் தோட்டாவுக்குப் பித்தளை உறை கிடையாது, காகிதச் சுருள். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. குண்டு வழுக்கி இறங்க வேண்டுமென்று வெளிப்புறம் கொழுப்பும் தேன்மெழுகும் தடவியிருக்கும். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும் என்பது டிரில்.

எந்த மிருகத்துக் கொழுப்பு? கல்கத்தா பக்கம் தோட்டா தயாரித்தபோது கொழுப்பு சப்ளை செய்த கான்ட்ராக்டில் அது குறிப்பிடப்படவே இல்லை. மெட்டீரியல் ஸ்பெசிஃபிகேஷனில் ஒரே ஒரு வரி விட்டுப்போனது. 1857 ஜனவரியில் டம்டம் தொழிற்சாலையிலிருந்து, 'பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறார்கள்' என்ற பேச்சு கிளம்பியது. இந்துச் சிப்பாய்க்கும் ஆகாது, முஸ்லிம் சிப்பாய்க்கும் ஆகாது. பிறகு 'நீங்களே எண்ணெயோ மெழுகோ தடவிக்கொள்ளுங்கள்', 'பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழியுங்கள்' என்றெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். நம்பிக்கை போன பிறகு ஸ்பெசிஃபிகேஷனை மாற்றி என்ன பயன்? காகிதம் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து அதிலேயே கொழுப்பு இருக்கிறது என்றார்கள்.

மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-ல் மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்தவர்கள் 90 பேரில் 85 பேர். மே 10-ல் மீரட் எழுந்தது. எழுச்சிக்கு நாடு பிடித்தது, நிலவரி, சம்பளம், அவமானம் என்று ஆயிரம் காரணங்கள் உண்டு. ஆனால் திரியில் விழுந்த பொறி இந்தத் தோட்டா.

நம் தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அதற்கு ஐம்பத்தோரு வருஷம் முன்னாலேயே, 1806 ஜூலை 10-ல், புதிய தலைப்பாகையையும் அதில் செருகிய தோலையும் எதிர்த்து வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்திருந்தார்கள். வேலூரில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை மீரட் வரை போய்த் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. டிசைனை உபயோகிக்கப் போகிறவனைக் கேட்காமல் போட்ட டிராயிங், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பாதி டிராயிங்தான்.

4. வெயில் காட்டிக் கொடுத்த தோட்டா

அதே டம்டம்தான் மறுபடி வருகிறது. நமக்கு மீனம்பாக்கம் எப்படியோ, கல்கத்தாவுக்கு டம்டம் அப்படி; விமான நிலையம் இருக்கும் புறநகர். 1890-களில் அங்கே தோட்டாத் தொழிற்சாலையின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் பெர்ட்டி-கிளே.

அப்போது .303 ரைபிள் வந்துவிட்டது. நம் ஊர் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய த்ரீ-நாட்-த்ரீயின் குடும்பம்தான். ஈயக் குண்டுக்கு மேலே கெட்டியான உலோகச் சட்டை போட்டிருந்தார்கள். இந்தக் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு நேரே போய்விடுகிறது, எதிரியை நிறுத்துவதில்லை என்று 1895 சித்ரால் சண்டைக்குப் பிறகு புகார் வந்தது. பெர்ட்டி-கிளே, சட்டையின் நுனியை மட்டும் கொஞ்சம் நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். பட்டதும் மலர்ந்து பெரிய காயம் உண்டாக்கும். ஒரு புறநகரின் பெயர் உலக அகராதிகளில் கொடுமைக்கு மறுபெயராகப் போனது இப்படித்தான்.

இங்கிலாந்தில் இதே நோக்கத்துக்கு நுனியில் குழிவு வைத்து மார்க்-4 என்ற தோட்டாவைச் செய்தார்கள். 1898 செப்டம்பரில் சூடானில் ஓம்துர்மான் போரில் அதைப் பயன்படுத்தினார்கள். இந்தத் தோட்டாவின் கோளாறு வெளிப்பட்டது போர்க்களத்தில் அல்ல, இலக்குச் சுடும் போட்டியில். 1899 ஜூலை, பிஸ்லி சுடுதளம். அந்த வருஷம் அங்கே வழக்கத்துக்கு மீறிய வெயில். சூட்டில் மருந்து வேகமாக எரிந்து அழுத்தம் ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததே. குழலில் அழுக்கு வேறு. குண்டின் சட்டையை அழுக்கு பிடித்து நிறுத்த, பின்னாலிருந்து அழுத்தம் தள்ள, மெத்தென்ற ஈயம் மட்டும் நுனிக் குழிவு வழியாகப் பிதுங்கிப் பறந்துவிட்டது. பற்பசை டியூபை அமுக்கினால் பசை மட்டும் வருமே, அப்படி. காலிச் சட்டை குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த குண்டு வந்து அதில் மோதினால் குழல் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தோடு ஆன்டிமனி சேர்த்துக் கடினமாக்கி மார்க்-5 செய்தார்கள். அதற்குள் அதே ஜூலை மாதம் ஹேக் மாநாட்டில் மலரும் குண்டுகளுக்கு எதிரான பிரகடனம் வந்துவிட்டது. இந்தக் குண்டுகளைப் போர் உபயோகத்திலிருந்து எடுத்து, மீந்த சரக்கை இலக்குப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டார்கள்.

இங்கே சுடுதளம் உண்மை பேசியது. ஒரு வெயில் நாளும் கொஞ்சம் அழுக்கும் சேர்ந்து, ஆலைச் சோதனையில் தேறிய தோட்டாவைப் பிடித்துக் கொடுத்தன.

5. கோப்பை வாங்கிய துப்பாக்கி, சேற்றில் நின்றது

அடுத்த கதையில் சுடுதளம் ஏமாற்றியது.

சர் சார்லஸ் ராஸ் ஸ்காட்லாந்துப் பிரபு. கனடாவில் கியூபெக் நகரில் ரைபிள் தொழிற்சாலை வைத்தார். 1907 வாக்கில் அவர் கொண்டுவந்த .280 ராஸ் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 3000 அடி வேகம் போனது. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் வேகம். நெடுந்தூரப் போட்டிகளில் அதற்குப் பெரிய பெயர். அவருடைய .303 ரைபிளும் சளைத்ததல்ல. பிஸ்லியின் மிகப் பெரிய பரிசான மன்னர் பரிசை 1911-லும் 1913-லும் கனடிய வீரர்கள் ராஸ் ரைபிளால் வென்றார்கள். இதைவிட நல்ல சர்ட்டிஃபிகேட் வேண்டுமா?

ராஸின் சேம்பர் அளவு இறுக்கம். கனடாவில் செய்த தோட்டா அதற்குப் பொருந்தும் அளவில் வந்தது. போட்டியில் பிரச்சினை இல்லை. 1914-ல் போர் வந்தது. பிரிட்டனில் அவசர அவசரமாக ஏகப்பட்ட ஆலைகளில் தோட்டா செய்தார்கள். அளவு கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. லீ-என்ஃபீல்டின் அகன்ற சேம்பர் அதை ஏற்றுக்கொண்டது. ராஸ் ஏற்கவில்லை. சுட்ட உறை உள்ளே பிடித்துக்கொண்டது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அதன் மரைப்பற்கள் ஸ்டாப்பில் இடித்து நசுங்கின. மேலே சேறு.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில், விஷவாயுத் தாக்குதலுக்கு நடுவே, கனடிய வீரர்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்து வந்த சுமார் 5000 பேரில் 1452 பேர் ராஸ் ரைபிளை எறிந்துவிட்டு, செத்துக் கிடந்தவர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். 1916-ல் ராஸை முன்னணியிலிருந்து திரும்ப வாங்கினார்கள். மறைந்திருந்து நிதானமாகச் சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். தோட்டாவைப் பொறுக்கி எடுத்து, துப்பாக்கியைத் துடைத்து வைக்க அவர்களால் முடிந்தது.

லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ் என்று மெட்ராலஜி வகுப்பில் நடத்தும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. ஒரு இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் எத்தனை பேர் உயிரைக் கேட்டது என்று தெரிந்தால் தூக்கம் வராது. 'கோ', 'நோ-கோ' கேஜை இனி கொஞ்சம் மரியாதையோடு எடுங்கள்!

6. பாதை மாற்றுவது சுலபமா?

நம் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் 1931-ல் மீட்டர்கேஜில் ஓட ஆரம்பித்தது. மீட்டர்கேஜ் மின்சார வண்டி நின்றது 2004-ல். அகலப்பாதை நல்லது என்று தெரியாமலா எழுபது வருஷத்துக்கு மேல் விட்டுவைத்தார்கள்? தண்டவாளம், பெட்டி, பிளாட்ஃபாரம், பணிமனை எல்லாம் மாற வேண்டுமே! தோட்டாவும் அப்படித்தான். ஒரு தோட்டாவை மாற்றினால் துப்பாக்கி, மெஷின்கன், டை, பிரஸ், கிடங்கு எல்லாம் மாற வேண்டும்.

பிரிட்டிஷ்காரர்கள் ஒருமுறை மாற்றப் பார்த்தார்கள். போயர் போரில் எதிரியின் 7 மி.மீ. மௌசர் நெடுந்தூரத்தில் நன்றாகச் சுட்டதைப் பார்த்துச் சூடு கண்டவர்கள், .276 அங்குலத்தில் புதிய தோட்டா செய்து 1913-ல் படைகளிடம் கொடுத்துச் சோதித்தார்கள். வேகம் வந்தது. கூடவே கண்ணைப் பறிக்கும் தீச்சுவாலை, காதைப் பிளக்கும் சத்தம், தோளில் உதை, சீக்கிரம் தேயும் குழல் எல்லாம் வந்தன. வேகமாகச் சுட்டால் சேம்பர் சூடேறி, தோட்டா தானாக வெடிக்கும் நிலையும் வந்தது.

இதில் முக்கியக் குற்றவாளி கார்டைட் என்ற மருந்து. நூல்நூலாக, சேமியா போல இருக்கும். முதலில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். எரியும் வெப்பம் மிக அதிகம். குழலின் எஃகை அரித்துவிடும். 1901-ல் அதை 30 சதவீதமாகக் குறைத்துத் திருத்தினார்கள். நம் நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903-ல் ஏற்பட்டது. ஊட்டி மலை ரயிலில் போகும்போது அந்தப் பெயரில் ஸ்டேஷனே வரும். திருத்திய மருந்துக்கும் .276-ன் பசி அதிகமாகவே இருந்தது.

1914-ல் போர் மூண்டதும் .276-ஐ மூட்டை கட்டினார்கள். அதற்காகச் செய்த ரைபிள் மட்டும் நல்ல டிசைன். அதையே .303-க்கு மாற்றி அமைத்து அமெரிக்க ஆலைகளில் லட்சக்கணக்கில் செய்தார்கள். தோட்டா செத்தது, துப்பாக்கி பிழைத்தது.

7. வேகப் பைத்தியம்

போர் முடிந்தும் வேகப் பைத்தியம் தீரவில்லை. வேகம் கூடினால் குண்டு பறக்கும் நேரம் குறையும், காற்று தள்ளுவதும் குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். 1935-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட் வினாடிக்கு 4100 அடி போனது. குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்ற கெட்ட பெயரும் கூடவே வந்தது.

1960-களில் அமெரிக்காவில் பி.ஓ. ஆக்லி என்ற புகழ்பெற்ற துப்பாக்கிக் கம்மியர், 5000 அடியைத் தொட்டே தீருவது என்று, யானை வேட்டைக்கான .378 வெதர்பி உறையின் கழுத்தை நெருக்கி, அதில் கடுகு மாதிரி .22 குண்டைச் செருகினார். அதற்கு வைத்த பெயர் 'ஈயர்கெஸ்ப்ளிட்டன் லௌடன்பூமர்'. காது கிழிய முழங்குகிறவன் என்று கேலியாக வைத்தது. 4600 அடியைத் தாண்டியது; 5000-ஐத் தொடவில்லை. குறுகிய குழாய் வழியே எவ்வளவு வாயுவைத்தான் தள்ள முடியும்? ஒரு எல்லைக்கு மேல் போட்ட மருந்து குண்டைத் தள்ளாமல் குழலைத்தான் அரிக்கிறது. கிண்டலுக்குச் செய்த தோட்டா என்றாலும், 'டிமினிஷிங் ரிட்டர்ன்ஸ்' என்று பொருளாதாரத்தில் படிப்பதை இவ்வளவு சத்தமாக யாரும் நடத்தியதில்லை.

8. உறையே வேண்டாம் என்றவர்கள்

இனி, ஆரம்பத்தில் மனதில் வைக்கச் சொன்ன பித்தளை உறைக்கு வருவோம். 'பித்தளை கனம், விலை அதிகம், சுட்டபின் வீண். அதைத் தூக்கிவிட்டால் என்ன?' என்று பலருக்குத் தோன்றியது.

பெல்ஜியத்து ரசாயனப் பொறியாளர் வான் லாங்கன்ஹோவன் ஒரு வழி கண்டார். குண்டின் பின்னால் மருந்தை நேரடியாக ஒட்டினார். உறையும் கிடையாது, பிரைமரும் கிடையாது. எப்படிப் பற்றும்? ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அமுக்கும். அமுங்கிய காற்று சூடேறும். அந்தச் சூட்டில் மருந்து பற்றும். டீசல் எஞ்சினில் நடப்பதும் இதேதான்! காற்றுத் துப்பாக்கிக்குப் பெயர்போன டெய்சி கம்பெனி இதை வாங்கி 1968-ல் வி.எல். ரைபிளாக விற்றது. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் 'இது காற்றுத் துப்பாக்கி அல்ல, சுடுகலன்' என்று அரசு சொல்லிவிட்டது. சுடுகலன் செய்ய டெய்சியிடம் லைசென்ஸ் இல்லை. சுமார் 23,000 ரைபிள் செய்த பின் 1969-ல் நிறுத்திவிட்டார்கள். தெர்மோடைனமிக்ஸில் பாஸ், சட்டத்தில் ஃபெயில்.

ஜெர்மனியில் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் ஜி-11 என்ற ராணுவ ரைபிளுக்காக 4.73 மி.மீ. உறையில்லாத் தோட்டாவில் பல வருஷம் உழைத்தது. தொடர்ந்து சுட்டால் சேம்பர் சூட்டிலேயே மருந்து தானாகப் பற்றியது. ஏன்? சூட்டை வெளியே எடுத்துப்போக உறை இல்லையே! வீண் என்று நினைத்த பித்தளை சத்தமில்லாமல் செய்துவந்த வேலை அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் அதிகச் சூடு தாங்கும் வேறு மருந்தைக் கண்டுபிடித்து ஜெயித்தும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின, பனிப்போர் முடிந்தது, பணம் வேறு பக்கம் போனது, திட்டம் நின்றது.

2000-ல் ரெமிங்டன் கம்பெனி, ஊசி தட்டும் நேரத் தாமதத்தைக்கூட ஒழிக்க, 9 வோல்ட் பேட்டரியால் மின்சாரப் பிரைமரைப் பற்றவைக்கும் எட்ரான்-எக்ஸ் என்ற ரைபிளைக் கொண்டுவந்தது. துல்லியம் விரும்புகிறவர்களுக்கானது. ஆனால் அதற்கான பிரைமர் சாதாரணத் துப்பாக்கியில் வேலை செய்யாது. சாதாரணப் பிரைமர் இதில் வேலை செய்யாது. கடையில் கிடைக்காத சாமானுக்கு யார் அலைவார்கள்? 2003-ல் நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் மீட்டர்கேஜ் கதை!

9. ஜெயித்தது யார்?

இத்தனை பேர் தோற்ற இடத்தில் இன்றும் ஒலிம்பிக்கில் நிற்கிற தோட்டா எது தெரியுமா? 1887-ல் வந்த .22 லாங் ரைபிள். என்.சி.சி. நண்பர்கள் சுடும் அதே பாயின்ட் டூ-டூ. விளிம்பில் தட்டினால் பற்றும் பழைய முறை, சாதாரண ஈயக் குண்டு, மலிவான உறை.

போட்டிக்கான .22 தோட்டாவின் வேகம் வினாடிக்குச் சுமார் 325 மீட்டர்தான். வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காற்றில் ஒலியின் வேகம் சுமார் 331 + 0.6 × வெப்பநிலை. நம் தாம்பரத்தில் 35 டிகிரி வெயிலில் 331 + 21 = 352 மீட்டர். குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது அதிர்வலை அதை ஆட்டிவிடும். ஆரம்பத்திலேயே ஒலிக்குக் கீழே இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.; நம் சட்டைப் பொத்தான் அளவு. அங்கே நிதானம்தான் ஜெயிக்கிறது.

2024 ஆகஸ்ட் 1-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். 2008-ல் அபினவ் பிந்திராவின் தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் பெற்ற வெண்கலமும் வந்தது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். அதில் மருந்தே கிடையாது!

பெரிய வீரர்கள் .22 தோட்டாவைக்கூட அப்படியே வாங்கிவிடுவதில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும், லாட் நம்பர் வாரியாகத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த லாட்டைத்தான் எடுக்கிறார்கள். ராஸ் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள்!

10. நமக்கு என்ன?

திரும்பிப் பாருங்கள். விட்வொர்த் கரியில் தோற்றார். என்ஃபீல்டு தோட்டா நம்பிக்கையில் தோற்றது. மார்க்-4 வெயிலில், ராஸ் சேற்றில், .276 சூட்டில், டெய்சி சட்டத்தில், எட்ரான்-எக்ஸ் கடைத்தெருவில் தோற்றன. பெரும்பாலானவை சோதனையில் பாஸ் மார்க் வாங்கியவை. சோதனை எங்கே நடந்தது, யார் கையில், எந்தச் சாமானோடு என்பதில்தான் கோளாறு. அதனால்தான் காகிதத்தில் விழுந்த ஓட்டை சில சமயம் உண்மை பேசியது, சில சமயம் ஏமாற்றியது.

நாமும் கடைசி வருஷம் பிராஜெக்ட் செய்கிறோம். லேபில் ஃபேன் காற்றில், புது பேட்டரி போட்டு, செய்தவனே ஓட்டிக் காட்டினால் எந்த மெஷினும் ஓடும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கை தட்டிவிட்டுப் போவார். அதற்கு முன் உங்களையே இந்த ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்:

ஒன்று, கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் ஓடுமா?
இரண்டு, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் ஓடுமா?
மூன்று, கிண்டியிலோ பல்லாவரத்திலோ கடையில் வாங்கிய வேறு கம்பெனி உதிரிபாகம் பொருந்துமா?
நான்கு, தினமும் ஓட்டப்போகும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?
ஐந்து, 'இது எதற்கு வீண்' என்று நாம் கழற்றிப்போட்ட பாகம், நமக்குத் தெரியாமல் வேறு வேலை ஏதாவது பார்த்துக்கொண்டிருந்ததா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் உங்கள் பிராஜெக்ட் .22 போல நிற்கும். இல்லாவிட்டால் வைவாவில் தப்பித்தாலும் வெளியே மாட்டிக்கொள்ளும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது டிராயிங் ஷீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இன்று பிராஜெக்டில் ஒரு பேரிங் பிடித்துக்கொண்டால் நமக்குப் போவது பத்து மார்க். நாளை நாம் வேலை பார்க்கும் ஆலையில் அதே அலட்சியம் நுழைந்தால் போவது அந்த மெஷினை நம்பி நிற்கிறவரின் கை. ஈப்ரில் போல்ட்டைக் காலால் உதைத்தவனுக்கு அதைச் செய்த ஆலையில் யார் கேஜ் பிடித்தார் என்று தெரியாது. நம் கையிலிருந்து போகும் பொருளைப் பிடிக்கப்போகிறவருக்கும் நம் பெயர் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவருக்காகத்தான் அளக்கிறோம் என்று நினைத்து அளப்போம்.

அடுத்த ஆண்டு மலரில் தோற்றுப்போன எஞ்சின்களைப் பற்றி யாராவது ஒரு ஜூனியர் எழுத முன்வாருங்கள். சரக்கு நிறைய இருக்கிறது. வாழ்த்துகள்!